கதவடைத்தவனே, கரணியம் சொல்!

வாயிலில் வந்து நிற்பவனை நோக்கி, "நீ யார்?" என்று வினவுதல் குற்றமன்று. காவல் உள்ள இடத்தில் வினாவும் இருக்கத்தான் செய்யும். ஆனால், வந்தவன் சரியான விடை தந்த பின்னும் கதவை அடைத்துவிட்டு, "நீ சொன்னது பொய்" என்று அவன் தலையிலேயே பழியைச் சுமத்துகின்ற காவலனை என்னென்று சொல்வது? அத்தகைய காவலன் ஒருவனுக்கு முப்பது ஆண்டுகளாக நாம் கூலி கொடுத்து வருகின்றோம். தொலைப்பேசிவழி இணைய இணைப்பில் வைக்கப்பட்ட சான்றுறுதி அமைப்பே அக் காவலன்!

இணையத்திற்குள் நுழைய வருபவன், தான் பணம் கட்டிய பயனரே என்பதைப் பெயராலும் கடவுச்சொல்லாலும் மெய்ப்பிக்க வேண்டும். அம் மெய்ப்பிப்பே சான்றுறுதி. அதனை நாம் எதிர்க்கவில்லை. அது தவறும்போது பயனர்க்குச் சொல்லப்படும் பொய்யைத்தான் எதிர்க்கின்றோம். மறுப்பவன் எவனாயினும், மறுத்ததற்கான உண்மைக் கரணியத்தை, மறுக்கப்பட்டவனுக்கு விளங்கும் மொழியில் சொல்லக் கடமைப்பட்டவன். இதுவே நம் வழக்கு.

"செத்த பாம்பை அடிப்பானேன்? தொலைப்பேசிவழி இணைப்பெல்லாம் மலையேறிப் போயிற்றே!" என்று சிலர் கேட்பர். உண்மைதான். அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனமும் தன் தொலைப்பேசிவழி இணைப்பை 2025 செப்டம்பர் 30ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. ஆனால், பாம்பு சாகவில்லை, சட்டையைத்தான் உரித்திருக்கின்றது. அகன்ற அலைவரிசையிலும் கண்ணாடி இழையிலும் வருகின்ற இணைப்புகள் பலவற்றுள், 1999இல் வகுக்கப்பட்ட பி.பி.பி.ஓ.இ. என்னும் நெறிமுறை வழியாக, அதே பழைய சான்றுறுதிதான் இன்றும் நடைபெறுகின்றது. அதே பெயர், அதே கடவுச்சொல், அதே 691ஆம் எண் பிழை. எனவே, பழைய கதையைக் கிளறுவது பொழுதுபோக்கிற்காக அன்று. இன்றைய அடிமைத்தனத்தின் வேரைக் காண்பதற்காகவே.

விளங்காதவனைத்தான் ஏமாற்ற முடியும். ஆகவே, அவ் விணைப்பு நடைபெற்ற முறையை முதற்கண் விளங்கிக்கொள்வோம்.

முதற்படி தொலைப்பேசிக்குரியது. கணிப்பொறியோடு பூட்டிய மோடம், இணையம் வழங்குவோரின் எண்ணை அழைக்கும். மறுகோடியிலுள்ள மோடம் அழைப்பை எடுக்கும். இரண்டும் கீச்சிட்டும் இரைந்தும் ஒன்றையொன்று அறிந்து, எவ்வளவு விரைவில் பேசுவது என்று முடிவு செய்துகொள்ளும்.

இரண்டாம் படி பேரம். 1994 சூலையில் வெளிவந்த 1661ஆம் எண் ஆவணம் வரையறுத்த பி.பி.பி. என்னும் நெறிமுறை இங்குத் தொடங்குகின்றது. "நீ இன்ன முறையில் உன்னை மெய்ப்பிக்க வேண்டும்" என்று மறுகோடி ஒரு சான்றுறுதி முறையை முன்வைக்கும். நம் கணிப்பொறி "ஒப்புகின்றேன்" என்றோ, "இதனை ஒப்பேன், வேறொன்று சொல்" என்றோ விடையிறுக்கும். இருவர்க்கும் பொதுவான முறை ஒன்றும் இல்லையெனில் பேரம் முறியும், தொடர்பு அறும்.

மூன்றாம் படியில்தான் பெயரும் கடவுச்சொல்லும் அரங்கிற்கு வருகின்றன. இவ் வரிசையை நெஞ்சிற் பதித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் படியில் முறிந்த இணைப்பிற்கும் நம் கடவுச்சொல்லுக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. கடவுச்சொல் அப்போது நம் வீட்டைவிட்டுக் கிளம்பவே இல்லை!

சான்றுறுதி முறைகளுள் தலையாயவை இரண்டு. 'பாப்' என்பது ஒன்று. இதனைச் சொல்லனுப்பு முறை எனலாம். பெயரையும் கடவுச்சொல்லையும் மூடாமல் மறைக்காமல் உள்ளது உள்ளவாறே கம்பியில் அனுப்புவது இது. 'சாப்' என்பது மற்றொன்று. இதனை அறைகூவல் முறை எனலாம். மறுகோடி ஒவ்வொரு முறையும் புதிய எண்கோவை ஒன்றை அறைகூவலாக விடுக்கும். நம் கணிப்பொறி அதனையும் கடவுச்சொல்லையும் ஒன்றாக அரைத்து, 16 பைட்டு அளவுள்ள விடையொன்றை அனுப்பும். மறுகோடியும் அவ்வாறே அரைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்தால் உள்ளே விடும். கடவுச்சொல் கம்பியில் ஏறுவதே இல்லை. இவ்விரு முறைகளும் 1992 அக்டோபரில் 1334ஆம் எண் ஆவணத்தில் வகுக்கப்பட்டன. மைக்குரோசாப்ட்டு நிறுவனம் அறைகூவல் முறையைத் தன் போக்கில் திருத்தி, 'எம்.எசு.சாப்' என்று பெயரிட்டுக்கொண்டது.

இனி, குற்றச்சாட்டிற்கு வருவோம்.

இந்தியாவில் 1995 ஆகத்து 15இல் வி.எசு.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சென்னையும் தொடக்க நகரங்களுள் ஒன்று. 1998 நவம்பரில் தனியாரும் இணையம் வழங்கலாம் என்றாயிற்று. அதன்பின், வீட்டுக்கு வீடு மோடம் இரையத் தொடங்கியது. அன்று பெரும்பாலார் கையில் இருந்தவை விண்டோசு 95, 98 ஆகிய இயக்க அமைப்புகளே. அவற்றில் இணைப்பு அமைவிற்கான பக்கத்தில், "மறைகுறியிட்ட கடவுச்சொல் கட்டாயம்" என்னும் பொருளில் சிறு கட்டம் ஒன்று உண்டு. அக் கட்டத்தில் குறியிட்டால், நம் கணிப்பொறி சொல்லனுப்பு முறையை ஒருபோதும் ஒப்பாது. ஆனால், இணையம் வழங்குவோர் பலரும் சொல்லனுப்பு முறை ஒன்றையே வைத்திருந்தனர். விளைவு என்ன? இரண்டாம் படியிலேயே பேரம் முறிந்தது.

அப்போது திரையில் தோன்றிய அறிவிப்பு என்ன தெரியுமா? "இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை, உங்கள் கடவுச்சொல்லைச் சரிபார்த்து மீண்டும் முயல்க" என்னும் கருத்துடையது! கிளம்பாத கடவுச்சொல் எப்படித் தவறாகும்? போகாத ஊருக்கு வழி தவறியதாகப் பழி சொல்வது எவ்வளவு அறிவுடைமையோ, அவ்வளவு அறிவுடைமை இது. பயனர் என்ன செய்வார்? ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து மீண்டும் அடிப்பார். மீண்டும் அழைப்பார். மீண்டும் அதே அறிவிப்பு. ஒவ்வோர் அழைப்பையும் மறுகோடி எடுத்துவிட்டது. எனவே ஒவ்வோர் அழைப்பிற்கும் தொலைப்பேசிக் கட்டணம் உண்டு. பொய்யைக் கேட்பதற்கும் காசு!

இதில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அதே இயக்க அமைப்பு வேறிடங்களில் உண்மை பேசத் தெரிந்ததே. சுழலொலி இல்லையெனில் 680 என்றது. மறுகோடி வேறோர் அழைப்பில் இருந்தால் 676 என்றது. யாரும் எடுக்காவிடில் 678 என்றது. தொலைப்பேசியின் குறை என்றால் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்த வாய்க்கு, சான்றுறுதியின் குறை என்றால் மட்டும் பயனரைக் குற்றவாளியாக்கத் தோன்றியது எதனால்? பிற்காலப் பதிப்புகளில், பேசப்பட்ட சான்றுறுதி முறையை மறுகோடி ஏற்கவில்லை என்று சொல்லும் 919ஆம் எண் அறிவிப்பு வந்து சேர்ந்தது. அப்படியாயின், உண்மையைச் சொல்வது முடியாததன்று; முன்பு சொல்ல வேண்டுமென்று எண்ணவில்லை, அவ்வளவே.

முறை ஒவ்வாமை ஒருபுறம் இருக்கட்டும். பெயரும் கடவுச்சொல்லும் முறையாகச் சென்று சேர்ந்த பின்னும் மறுப்பு வருவதுண்டு. அதற்குக் கரணியங்கள் பல. கட்டிய பணத்திற்குரிய நேரம் முடிந்திருக்கலாம். கணக்கின் கெடு நாள் கடந்திருக்கலாம். அதே பெயரில் முந்தைய தொடர்பு இன்னும் அறுபடாமல் மறுகோடியின் ஏட்டில் தொங்கிக்கொண்டிருக்கலாம். கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். இத்தனைக்கும் சேர்த்துப் பயனர் காண்பது ஒரே எண்: 691. "பெயரோ கடவுச்சொல்லோ இக் களத்தில் செல்லாது." களம் என்றால் என்னவென்றே அறியாத பயனரிடம் களத்தைப் பற்றிய பேச்சு!

கரணியத்தைச் சொல்ல இடமில்லாமையால் சொல்லவில்லையோ? அன்று. எம்.எசு.சாப் முறையை விளக்கும் 1998ஆம் ஆண்டின் 2433ஆம் எண் ஆவணத்தைப் பாருங்கள். மறுப்புச் செய்தியோடு கரணிய எண்ணையும் அனுப்ப அங்கு ஏற்பாடு உண்டு. நுழைவிற்கு இசைவில்லாத நேரம் என்றால் 646. கணக்கு முடக்கப்பட்டது என்றால் 647. கடவுச்சொல் காலங்கடந்தது என்றால் 648. தொலைவழி நுழைய இசைவில்லை என்றால் 649. சான்றுறுதியே தவறு என்றால்தான் 691. பாப், சாப் முறைகளிலும் மறுப்போடு செய்தியொன்றை அனுப்ப இடமுண்டு. வழங்குவோரின் கணக்கேட்டுக் கணிப்பொறியிலிருந்து வாயிற் கணிப்பொறிக்குச் செல்லும் 'ரேடியசு' நெறிமுறையிலும், பயனர்க்குக் காட்டத்தக்க விடைச் செய்தி என்றே தனி உறுப்பு வைத்திருக்கின்றனர். வாய் இருக்கின்றது, நாக்கும் இருக்கின்றது, சொல்லும் இருக்கின்றது. சொல்ல மனந்தான் இல்லை.

காவல்நுட்பம் பேசுவோர் இங்கே எழுந்து ஓர் எதிர்வாதம் கூறுவர்: "தவறியது பெயரா கடவுச்சொல்லா என்று சொல்லிவிட்டால், திருடனுக்கு அது துணையாகிவிடும். எனவேதான் பொதுப்படையாகச் சொல்கின்றோம்." இவ் வாதத்தில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஒருவன் பெயர்களை மாற்றி மாற்றி அடித்து, எப்பெயர் உள்ளது என்று துழாவும் வழியை அடைப்பது தேவையே. ஆனால், அவ் வாதம் எதுவரை செல்லும்? பெயர், கடவுச்சொல் என்னும் இரண்டனுள் எது தவறென்று மறைக்கும் எல்லை வரைதான் செல்லும். பெயரும் கடவுச்சொல்லும் சரியெனத் தெளிந்த பின், "உங்கள் நேரம் முடிந்தது" என்று உரியவர்க்குச் சொல்வதால் எந்தத் திருடன் பிழைப்பான்? பெயரே செல்லாத பேரப் படியில், "நீங்கள் கேட்கும் முறை எம்மிடம் இல்லை" என்று சொல்வதால் எந்தக் கமுக்கம் வெளிப்படும்? ஒரு சிறு எல்லைக்குள் ஞாயமான மறைப்பைப் போர்வையாக்கி, அதனடியில் தம் சோம்பலையெல்லாம் படுக்க வைத்திருக்கின்றனர். போர்வையை விலக்குவதே நம் வேலை.

சிக்கலோடு உதவி கேட்டு அழைத்தவர்க்குக் கிடைத்த மருந்து என்ன? "அந்தக் கட்டத்திலுள்ள குறியை எடுத்துவிடுங்கள்" என்பதே. எடுத்தால் இணைப்பு வரும், அதில் ஐயமில்லை. ஆனால், அக்குறியை எடுத்தால் கடவுச்சொல் மறைப்பின்றிச் செல்லும் என்று சொன்னோர் எத்துணைப் பேர்? நோயைச் சொல்லாமல் மருந்தைத் திணித்தனர். கவசத்தைக் கழற்றினால்தான் உள்ளே விடுவோம் என்றவர், கழற்றச் சொல்வது கவசம் என்பதையே சொல்லவில்லை.

வழங்குவோர் பக்கத்து ஞாயத்தையும் எடைபோட்டே பேசுவோம். அறைகூவல் முறைக்கு மறுகோடியும் கடவுச்சொல்லை அரைபடாத வடிவில் வைத்திருக்க வேண்டும். சொல்லனுப்பு முறையிலோ, அரைத்த வடிவை மட்டும் ஏட்டில் வைத்திருந்தாலே போதும். அந்த ஏடு களவுபோனால் கேடு குறைவு. யூனிக்சு இயக்க அமைப்பின் கடவுச்சொல் ஏட்டை வைத்துக் கடை நடத்தியவர்கட்கு அறைகூவல் முறை இயலாததாகவே இருந்தது. மேலும், தொலைப்பேசிக் கம்பி இருவர்க்கு இடைப்பட்ட தனிவழி. இவையெல்லாம் மெய்யே. ஆயினும், இவற்றைப் பயனரிடம் சொல்லி, "இக் கரணியத்தால் இம்முறையை வைத்திருக்கின்றோம், இக் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாதீர்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாகாதா? எழுதியிருந்தால் பயனர் அறிவார். அறிந்தவர் கேள்வி கேட்பார். அறிவிக்காமல் இருப்பதுதான் அவர்கட்கு நலம்.

இன்னொரு கொடுமையையும் கேளுங்கள். இலினக்சு இயக்க அமைப்பில் பி.பி.பி. இணைப்பை அமைத்தவர்கள் ஒரு சிக்கலை அடிக்கடி கண்டனர். "மறுகோடியும் தன்னை மெய்ப்பிக்கட்டும்" என்னும் பொருளுடைய 'ஆத்' என்னும் ஒரு சொல் அமைவுக் கோப்பில் இருந்துவிட்டால், வழங்குவோரின் கணிப்பொறி அதற்கு உடன்படாது, இணைப்பு முறியும். 'நோஆத்' என்று மாற்றி எழுதினால்தான் வேலை நடக்கும். பார்த்தீர்களா? நம்மை "நீ யார்?" என்று கேட்கின்றவனை நாம் திருப்பி "நீ யார்?" என்று கேட்டால், தொடர்பே இல்லை! வினவும் உரிமை ஒருவனுக்கு. விடை சொல்லும் கடமை மற்றவனுக்கு. இதற்குப் பெயர் சான்றுறுதியா, ஆண்டான் அடிமை முறையா?

இவ் வொருவழிப் போக்கின் கேடு வெறும் மானக்கேடு மட்டும் அன்று. பி.பி.பி.ஓ.இ. வழியே நடைபெறும் இணைப்புகளில், அதே பிணையப் பகுதிக்குள் போலி வாயில் ஒன்றை ஒருவன் நிறுத்திவிட்டால், அது முந்திக்கொண்டு சொல்லனுப்பு முறையைக் கேட்கலாம். நம் கருவியும் கடவுச்சொல்லை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடும். வாயில் மெய்யா பொய்யா என்று நாம் கேட்பதில்லையே! இருவரும் ஒருவரையொருவர் மெய்ப்பிக்கும் ஏற்பாடு, 2000ஆம் ஆண்டின் 2759ஆம் எண் ஆவணம் விளக்கும் எம்.எசு.சாப் இரண்டாம் பதிப்பில் வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 2012இல் இலாசு வேகாசில் நடந்த தெப்கான் மாநாட்டில், அதன் காவல் முழுதும் தெசு என்னும் பழைய மறைகுறி முறையின் ஒரே ஒரு திறவுகோலை உடைக்கும் அளவிற்குள் அடங்கிவிடுகின்றது என்று காட்டிவிட்டனர். ஆகவே, "மறைகுறியிட்டது" என்னும் பெயர்ப்பலகையைக் கண்டும் மயங்கிவிடலாகாது. பெயரை நம்பாதே, முறையை அறி.

இறுதியாக மொழி. இது நம் நெஞ்சைச் சுடும் பகுதி.

அறைகூவல் முறையைத் திருத்தி வெளியிட்ட ஆவணத்தின் எண் 1994. வெளிவந்தது 1996 ஆகத்தில். அதில், ஏற்பு மறுப்புகளோடு செல்லும் செய்தி மாந்தர் படிப்பதற்கானது என்று கூறப்பட்டுள்ளது. மகிழ்ச்சி. ஆனால், அச்செய்தி 32 முதல் 126 வரையிலான குறியெண்களில் அமைவது நலம் என்ற பரிந்துரை உடன் வருகின்றது. அவ் வெண்களுக்குள் அடங்குவன ஆங்கில எழுத்தும் இலக்கங்களும் சில குறிகளுமே. பிற எழுத்துகளுக்கு விரிவாக்குவது வருங்கால ஆய்வுக்குரியது என்று தள்ளிவைத்துவிட்டனர். 1992ஆம் ஆண்டு ஆவணத்திலும் இதே நிலைதான். தமிழெழுத்துகளுக்கு ஒருங்குறியில் 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது என்பதை மறவாதீர். படிப்போர் மாந்தர், ஆனால், ஆங்கில எழுத்தைப் படிப்போரே மாந்தர் போலும்!

2000ஆம் ஆண்டில் ரேடியசு நெறிமுறையின் 2865ஆம் எண் ஆவணம் அக் கதவையும் திறந்துவிட்டது. விடைச் செய்தியை யூ.டி.எப்.8 வடிவ ஒருங்குறியில் அனுப்பலாம். ஒரு செய்திக்கு 253 பைட்டு இடமுண்டு. அவ் வடிவில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். "உங்கள் நேரம் முடிந்தது" என்று எழுத எத்தனை பைட்டு வேண்டும்? எண்ணிப் பார்த்துவிட்டோம்: இடைவெளி உட்பட 62. அத்தனைக்கும் இடமிருந்தும், தமிழ்நாட்டில் பணம் வாங்கும் வழங்குவோர் எவரேனும் இம் மூன்று சொற்களைத் தமிழில் அனுப்ப முனைந்ததாக நாம் கண்டதில்லை. கருவி இடந் தராமையால் அன்று. கருத்து இல்லாமையால்தான் தமிழ் வாயிலுக்கு வெளியே நிற்கின்றது. மொழி விளங்காவிடில் கரணியமும் விளங்காது. கரணியம் விளங்காதவன் என்றும் கைகட்டியே நிற்பான்.

வழக்கை மட்டும் சொல்லி, வழியைச் சொல்லாமல் விடுதல் நம் மரபன்று. பழைய மோடம் இன்னும் வைத்திருப்போரும், பெயர் கடவுச்சொல் கேட்கும் இழை இணைப்பு வைத்திருப்போரும் மறுப்பு வந்தவுடன் அலறாமல், கீழ்க்காணும் வரிசையில் ஆய்க.

முதலில், எப்படியில் முறிந்தது என்று காண்க. மறுகோடி எடுக்கவே இல்லையெனில் கடவுச்சொல்லைத் தொடாதீர். எடுத்த உடனே அறுந்தால் பேரத்தை ஐயுறுக. சற்றுப் பேசிய பின் 691 வந்தால் மட்டும் பெயரையும் கடவுச்சொல்லையும் நோக்குக.

இரண்டாவது, அடித்ததைச் சரிபார்க்க. ஆங்கிலப் பெரிய எழுத்துப் பூட்டு போட்டிருக்கின்றதா? பெயரின் பின்னால் '@' குறியும் களப்பெயரும் சேர்க்க வேண்டுமென வழங்குவோர் சொல்லியிருக்கின்றனரா? தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கின்றதா? இயங்கினால், நீங்கள் அடிப்பது வேறு, செல்வது வேறு. உடுக்குறிகள் அதனை மறைத்துவிடும். வெற்றுக் குறிப்பேட்டில் ஒருமுறை அடித்துக் கண்ணால் பார்த்துவிட்டு, உடனே அழித்துவிடுக.

மூன்றாவது, சான்றுறுதி முறையை ஒத்திசைக்க. விண்டோசு 98இல் மறைகுறிக் கட்டத்தையும், "பிணையத்தில் நுழைக" என்னும் கட்டத்தையும் காண்க. பின்னது அலுவலகப் பிணையங்களுக்கானது. வீட்டு இணைப்பிற்கு வேண்டியதில்லை. இருந்தால் வீணே காலம் கடத்தும். விண்டோசு எக்சு.பி.யிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் 'பாதுகாப்பு'ப் பக்கத்தில் பாப், சாப், எம்.எசு.சாப் எனத் தனித்தனியே கட்டங்கள் உண்டு. செய்திகளையும் மறைகுறியிட்டே அனுப்ப வேண்டும், இன்றேல் தொடர்பை அறு என்னும் கட்டளை அங்கிருந்தால், பொது இணைய இணைப்பு 741, 742 எனும் பிழைகளோடு முறியலாம். வழங்குவோரிடம், "உங்கள் முறை எது?" என்று நேராகக் கேட்க. சாப் உண்டென்றால் அதனையே குறித்துப் பாப்பை நீக்குக. பாப் மட்டுமே என்றால், ஏற்றுக்கொள்வதை அறிந்து ஏற்க; அக் கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கோ வைப்பகத்திற்கோ வைக்காதீர்.

நான்காவது, பதிவேட்டைப் படிக்க. விண்டோசு 95, 98இல் தொலைப்பேசிப் பிணைய அமைவில் பதிவேட்டை இயக்கினால், 'பி.பி.பி.லாக்' என்னும் கோப்பில் பேரம் முழுதும் எழுதப்படும். இலினக்சில் 'தீபக்' என்னும் சொல்லைச் சேர்த்தால், மறுகோடி முன்வைத்த முறை எது, நாம் ஒப்பியது எது, மறுத்தவன் யார் என்பதெல்லாம் வரி வரியாகத் தெரியும். இன்றைய இல்லத் திசைவிகள் பலவற்றிலும் பதிவுப் பக்கம் உண்டு. திரை பொய் சொல்லும், பதிவேடு சொல்லாது.

ஐந்தாவது, இத்தனையும் சரியாயிருந்து 691 வந்தால், குற்றம் உங்களதன்று என்று உறுதி கொள்க. "எம் கணக்கின் நிலை என்ன? நேரம் முடிந்ததா? பழைய தொடர்பு தொங்குகின்றதா? உங்கள் ஏட்டில் எழுதியுள்ள மறுப்புக் கரணியத்தைப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்க. அக் கரணியம் அவர் ஏட்டில் இருக்கும். "கடவுச்சொல்லை மாற்றிப் பாருங்கள்" என்னும் விடைக்கு அடங்கி வந்துவிடாதீர்.

நண்பர்களே! ஒரு சிறு கட்டத்தில் இடும் குறிக்கு இவ்வளவு பெரிய போராட்டமா என்று எண்ணாதீர். அட்டை தரும் வைப்பகமும், ஒருமுறைக் கடவெண் கேட்கும் அலுவலகமும், கைவிரல் பதிவைக் கேட்கும் கடையும், "செல்லாது" என்னும் ஒரே சொல்லால் மக்களைத் திருப்பியனுப்பும் பழக்கத்திற்கு நம்மை முன்கூட்டியே பழக்கியது இந்தச் சிறு கட்டந்தான். தவறு கருவியினுடையதாயினும் தலைகுனிபவன் மாந்தன் என்னும் நிலையை நாம் அன்றே ஏற்றுக்கொண்டோம். அதனை மாற்றும் காலம் வந்துவிட்டது.

இணையம் வழங்குவோரே! மூன்றே மூன்று கேட்கின்றோம். நீங்கள் வைத்திருக்கும் சான்றுறுதி முறை எதுவென்று முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். எம்மை மெய்ப்பிக்கச் சொல்லுமுன் உம்மையும் மெய்ப்பியுங்கள். மறுத்தால், மறுத்த கரணியத்தைத் தமிழில் சொல்லுங்கள். 62 பைட்டு போதும்.

கதவு உங்களுடையதாக இருக்கலாம். அதற்குக் காசு கொடுத்தவர் நாங்கள். அடைத்தீராயின், கரணியம் சொல்லுங்கள்!